ஒரு படியில் கோட்டை விட்ட பாட்டுகள்!

மெட்ராஸில் பிறந்த ஒரு பாடகர், பீட்டில்ஸ் கோஷ்டியையே மண்ணைக் கவ்வ வைத்தார் என்று சொன்னால் நம்புவீர்களா? ரீல் இல்லை சார்! இங்கிலாந்தின் பாட்டுப் பட்டியலில் அழுத்தந்திருத்தமாகப் பதிவாகியிருக்கிற விஷயம்.

வருஷம் 1967. அதற்கு முன் நாலு வருஷமாக இங்கிலாந்தில் பீட்டில்ஸ் ராஜ்யம்தான். 1963-ல் 'ஃப்ரம் மீ டு யூ'வில் ஆரம்பித்து 1966-ல் 'யெல்லோ சப்மரீன்' வரை வரிசையாக 11 சிங்கிள் ரிகார்டுகள். பதினொன்றும் நம்பர் ஒன்! (சிங்கிள் என்றால் ஏழு அங்குல ரிகார்டு. முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. நம் வீட்டு கிராமபோன் பெட்டிகளிலும் சுற்றியதுதான்.) பன்னிரண்டாவதாக பிப்ரவரி 17-ம் தேதி ஒன்று வந்தது. ஒரு பக்கம் 'பென்னி லேன்'. இன்னொரு பக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. ரெண்டுமே லிவர்பூலில் அந்தப் பையன்கள் வளர்ந்த இடங்களின் பெயர். 'ஸ்ட்ராபெரி...'க்காகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பட்ட பாடு இருக்கிறதே... வேறு வேறு வேகத்தில், வேறு வேறு சுருதியில் பதிவான இரண்டு டேப்புகளை லெனன் கொண்டுவந்து வைத்து, 'இதில் பாதி, அதில் பாதி, ஒட்டிக் கொடுங்கள்' என்று கேட்டாராம். மனிதர் ஒன்றை வேகமாக்கி, இன்னொன்றை மெதுவாக்கி, ஒட்டே தெரியாமல் ஒட்டியும் கொடுத்தார். இன்றைக்கும் சங்கீதம் படிப்பவர்கள் அந்த ஒட்டை காது வைத்துத் தேடுகிறார்கள்.

இப்படிப்பட்ட ரிகார்டு எத்தனையாவது இடத்துக்கு வந்தது?

இரண்டு!

முதல் இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். பாட்டு 'ரிலீஸ் மீ'. காதலியிடம் விடுதலை கேட்டு உருகும் பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. 1949-லேயே எழுதப்பட்டு, பல பேர் பாடி முடித்துவிட்ட சரக்கு. அதைத் தூசி தட்டிப் பாடி ஆறு வாரம் முதல் இடத்தை விட்டு நகரவே இல்லை மனுஷர். பீட்டில்ஸ் கீழே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

இந்த எங்கல்பர்ட் பிறந்தது 1936 மே 2-ம் தேதி, நம்ம மெட்ராஸில். நிஜப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்ஸி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். சுமார் பத்து வயது வரை இங்கே இருந்துவிட்டு, பிறகு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் போனது. 'ஜெர்ரி டார்ஸி' என்ற பெயரில் கிளப் கிளப்பாகப் பாடிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. நடுவில் காசநோய் வேறு. அப்போது கார்டன் மில்ஸ் என்கிற மேனேஜர், 'உன் பேரே சரியில்லைப்பா' என்று நம்மூர் நியூமராலஜிக்காரர் மாதிரி சொல்லி, 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே தூக்கி இவர் தலையில் கட்டினார். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது இல்லையா? அதற்கப்புறமும் ரெண்டு வருஷம் காத்திருந்து, 'லண்டன் பல்லேடியம்' டி.வி. நிகழ்ச்சியில் வேறொரு பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடத்தில் நின்று 'ரிலீஸ் மீ' பாடினார். மறுநாளிலிருந்து ரிகார்டுக் கடைகளில் கூட்டம்!

பெரம்பூர் ரயில்வே பக்கம் நான் குடியிருந்த காலத்தில், பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியன் அங்கிள். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் வீட்டு கிராமபோனில் எங்கல்பர்ட் தவிர வேறு குரல் கேட்காது. "நம்ம பையன் மேன்! பீட்டில்ஸை அடிச்சவன் மேன்!" என்று ஏதோ சொந்த அக்கா மகன் மாதிரி பேசுவார். "இருந்தாலும் அங்கிள், பென்னி லேன்தானே நல்ல பாட்டு?" என்று நான் சீண்டினால், "நல்ல பாட்டுதான். யார் இல்லேன்னது? அதுக்காக ஓட்டு விழுமா மேன்?" என்பார். பேசாமல் பிளம் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

இந்தத் தோல்விக்கு ஜார்ஜ் மார்ட்டின் தன்னைத்தானே நொந்துகொண்டார். இரண்டு பிரமாதமான பாட்டுகளை ஒரே ரிகார்டின் இரண்டு பக்கங்களில் போட்டு, இரண்டையுமே முன்பக்கம் என்று அறிவித்தது தன் தொழில் வாழ்க்கையின் பெரிய தவறு என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். தனித்தனியாக விட்டிருந்தால் இரண்டு நம்பர் ஒன் அல்லவா? ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஒரே தொகுதியில் நிறுத்தின கதை!

அமெரிக்காவில் கதையே தலைகீழ். அங்கே 'பென்னி லேன்' முதலிடம். 'ரிலீஸ் மீ' நாலாவது இடத்தோடு சரி.

* * *

அது சரி, யார் இந்த நம்பரைப் போடுகிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றக் கதைகள் ருசிக்கும்.

இங்கிலாந்தின் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14-ம் தேதி 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் வந்தது. அந்தப் பத்திரிகையில் விளம்பரம் பிடிக்கும் வேலையில் இருந்த பெர்ஸி டிக்கின்ஸ் என்பவர் சுமார் 20 ரிகார்டுக் கடைகளுக்கு போன் போட்டு, 'இந்த வாரம் என்னப்பா நல்லா போச்சு?' என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் ஆராய்ச்சி! அப்புறம் ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார்கள். ஒரு பத்திரிகையில் முதலிடம், இன்னொன்றில் மூன்றாமிடம் என்று குழப்பம். 1969-ல்தான் ஒரு சர்வே நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்து, 300 கடைகளில் விற்பனையை டயரியில் குறிக்கச் சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1969-க்கு முந்தின காலத்துக்கு எந்தப் பட்டியலை எடுத்துக்கொள்வது என்பதைப் பின்னால் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். அறுபதுகளுக்கு 'ரிகார்ட் ரீடெய்லர்' என்ற வியாபாரப் பத்திரிகையின் பட்டியல்தான் அதிகாரபூர்வம் என்றாகிவிட்டது. இதனால் அநியாயமாக அடிபட்ட பாட்டு பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. 1963-ல் வந்தபோது மற்றப் பெரிய பட்டியல்களிலெல்லாம் அது நம்பர் ஒன். நான்கு பையன்களும் கொண்டாடித் தீர்த்தாயிற்று. ஆனால் 'ரிகார்ட் ரீடெய்லர்' மட்டும் இரண்டு என்று போட்டிருந்தது. முதலில் இருந்தது ஃப்ராங்க் ஐஃபீல்டின் 'தி வேவர்ட் விண்ட்'. விளைவு? 2000-ம் வருஷம் பீட்டில்ஸின் முதலிடப் பாட்டுகள் 27-ஐத் தொகுத்து '1' என்ற பெயரில் வெளியிட்டபோது, அந்தப் பாட்டுக்கு இடமில்லை! பரீட்சையில் பாஸாகி, ஸ்வீட் கொடுத்து, பல வருஷம் கழித்து மார்க் ஷீட்டைத் திருத்தின மாதிரி.

அமெரிக்காவில் 'பில்போர்டு' பத்திரிகையின் 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்டில் ஆரம்பம். கடை விற்பனையையும் ரேடியோவில் ஒலிபரப்பாவதையும் கலந்து கணக்குப் போடுவார்கள். 1991 நவம்பர் வரை கடைக்காரர்கள் வாயால் சொன்னதுதான் விற்பனைக் கணக்கு. கடைக்காரரைக் கம்பெனிக்காரர்கள் 'கவனித்தால்' வரிசை மாறுமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அதே சந்தேகம்தான்! 1991 நவம்பரிலிருந்துதான் கம்ப்யூட்டரில் பார்கோடு மூலம் நிஜமான எண்ணிக்கை வந்தது.

பீட்டில்ஸ் தங்களாலேயே தோற்ற கதையும் ஒன்று உண்டு. 1964 ஏப்ரல் 4-ம் தேதியிட்ட ஹாட் 100-ல் முதல் ஐந்து இடங்களும் அவர்களுக்கே. இரண்டாவது இடத்தில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. அதை மேலே ஏறவிடாமல் மறித்தது யார்? அவர்களுடைய 'கான்ட் பை மீ லவ்'!

* * *

1963 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த போட்டி இதைவிட ஜோர். முதலிடத்தில் ஒரு கன்னியாஸ்திரீ! பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜீனைன் டெக்கர்ஸ், கிடாரை மீட்டிக்கொண்டு பிரெஞ்சு மொழியில் பாடிய 'டொமினிக்' என்ற புனிதர் துதி. இரண்டாமிடத்தில் 'தி கிங்ஸ்மென்' என்ற பொடிப்பையன்கள் கோஷ்டி பாடிய 'லூயி லூயி'. இந்தப் பாட்டில் என்ன வார்த்தை வருகிறது என்று யாருக்குமே புரியவில்லை. புரியாததால் ஆபாசமாகத்தான் இருக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஒரு பெற்றோர், அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடிக்கே புகார் எழுதினார். எஃப்.பி.ஐ. களத்தில் இறங்கியது. ரிகார்டை வேகமாக ஓட்டினார்கள், மெதுவாக ஓட்டினார்கள், உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். கடைசியில், எந்த வேகத்தில் ஓட்டினாலும் புரியவில்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். மக்கள் வரிப்பணம்!

இவ்வளவு விளம்பரம் கிடைத்தும் 'லூயி லூயி' ஆறு வாரம் இரண்டாமிடத்திலேயே நின்று போயிற்று. முதலில் கன்னியாஸ்திரீ மறித்தார். அவர் நகர்ந்ததும் பாபி வின்டன் வந்து உட்கார்ந்தார். அதைவிடப் பரிதாபம், பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி. கல்யாணச் செலவுக்காக வெறும் 750 டாலருக்குப் பாட்டின் உரிமையை முன்பே விற்றிருந்தார். ஊரெல்லாம் பாடுகிறது, காசு மட்டும் வேறு யாருக்கோ போகிறது. 80-களில்தான் அவருக்கு உரிமையில் பங்கு திரும்பக் கிடைத்தது.

சரி, முதலிடம் பிடித்த கன்னியாஸ்திரீ சௌக்கியமாக இருந்தாரா? அதுவும் இல்லை. ரிகார்டு வருமானம் மடத்துக்கும் கம்பெனிக்கும் போயிற்று. மடத்தை விட்டு வெளியே வந்தவரிடம் பெல்ஜிய அரசாங்கம் வருமான வரி கேட்டது. கடனில் மூழ்கி, 1985-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இதை எழுதும்போது எனக்கே கை நின்றுவிட்டது.

* * *

கொஞ்சம் லேசான விஷயத்துக்குப் போவோம்.

1981. 'அல்ட்ராவாக்ஸ்' என்ற இங்கிலாந்துக் கோஷ்டி 'வியன்னா' என்றொரு பாட்டு போட்டார்கள். பனி மூட்டம், பியானோ, வியோலா, சோகம் என்று ஏதோ ஐரோப்பியக் கலைப்படம் பார்த்த மாதிரி இருக்கும். நாலு வாரம் இரண்டாமிடம். முதல் வாரம் மறித்தது ஜான் லெனனின் 'வுமன்'. லெனன் சுட்டுக் கொல்லப்பட்டு ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மூன்று வாரம் மறித்தது எது தெரியுமா? 'ஷடப் யூ ஃபேஸ்'! ஜோ டால்சே என்பவர் இத்தாலிக்காரர்கள் இங்கிலீஷ் பேசுகிற மாதிரி கொச்சையாகப் பாடிய காமெடிப் பாட்டு. வீணை கச்சேரிக்கும் மிமிக்ரிக்கும் போட்டி வைத்து, மிமிக்ரி ஜெயித்தது! 

இங்கிலாந்துக்காரர்களுக்கு இது 30 வருஷம் உறுத்தியிருக்கிறது. 2012 கடைசியில் பி.பி.சி. ரேடியோ 2-ம் அதிகாரபூர்வப் பட்டியல் நிறுவனமும் சேர்ந்து, 'இரண்டாமிடத்தோடு நின்றுபோன பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது?' என்று ஓட்டெடுப்பு நடத்தினார்கள். 'வியன்னா' ஜெயித்து, கௌரவ நம்பர் ஒன் பட்டம் வாங்கிக்கொண்டது.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். 'வியன்னா'வைப் பாடிய மிட்ஜ் யூர், 1984-ல் இன்னொருவருக்கு அதே கொடுமையைச் செய்தார்! எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட அவரும் பாப் கெல்டாஃபும் சேர்ந்து எழுதி, பெரிய பெரிய பாடகர்களையெல்லாம் கூட்டி, ஒரே நாளில் பதிவு செய்தது 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?'. வந்த வேகத்தில் முதலிடம். லட்சக்கணக்கில் விற்பனை. அதே டிசம்பரில் வெளிவந்தது 'வாம்!' கோஷ்டியின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. ஜார்ஜ் மைக்கேல் எழுதி, பாடி, அத்தனை வாத்தியங்களையும் தானே வாசித்த பாட்டு. அது இரண்டாமிடத்தில் மாட்டிக்கொண்டது. மறித்த பாட்டில் கூட்டத்தோடு நின்று பாடியவர்களில் ஜார்ஜ் மைக்கேலும் ஒருவர். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டாலும், மனுஷர் முகம் சுளிக்கவில்லை. 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' ராயல்டியையும் அதே எத்தியோப்பிய நிதிக்கே கொடுத்துவிட்டார்.

அப்புறம் அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றும், 'முதலிடமே வராத பாட்டுகளில் அதிகம் விற்றது' என்ற விசித்திரமான பெருமையைச் சுமந்துகொண்டு திரிந்தது. ஆனால் காலம் மாறியது. இப்போது கடையில் ரிகார்டு வாங்க வேண்டாம். போனில் ஒருமுறை பாட்டைக் கேட்டாலே கணக்கில் சேர்கிறது. ஒவ்வொரு டிசம்பரும் ஜனங்கள் பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகளைக் கேட்கக் கேட்க, அவை தூக்கத்திலிருந்து எழுந்து பட்டியலில் ஏறுகின்றன. 2021 ஜனவரி 1-ம் தேதி 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' நம்பர் ஒன். 36 வருஷம் கழித்து! கிறிஸ்துமஸ் வாரத்திலேயே முதலிடம் என்ற பட்டம் 2023-ல்தான் கிடைத்தது. ஜார்ஜ் மைக்கேல் அதைப் பார்க்க இல்லை. 2016-ல் இறந்துவிட்டார். இறந்த நாள், டிசம்பர் 25.

மரையா கேரியின் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ்...' பாட்டுக்கும் இதே ஜாதகம். 1994-ல் இங்கிலாந்தில் 'ஈஸ்ட் 17' பையன்கள் மறித்ததில் இரண்டாமிடம். 2019-ல் அமெரிக்காவிலும் 2020-ல் இங்கிலாந்திலும் முதலிடம். அந்தம்மாவாவது இருந்து பார்த்தார்.

* * *

'மறித்தது பாட்டா, ஆளா?' என்று இன்றுவரை பஞ்சாயத்து நடக்கிற கேஸ் ஒன்று உண்டு. 1977 ஜூன். எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்து 25 வருஷம். நாடே தோரணம் கட்டியிருக்கிறது. அந்த வாரம் பார்த்து 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற முரட்டுக் கோஷ்டி, தேசிய கீதத்தின் பெயரையே வைத்து, ராணியையும் நாட்டையும் கிழித்துத் தோரணம் கட்டி 'காட் சேவ் த குவீன்' போட்டார்கள். பி.பி.சி. தடை. பெரிய கடைகள் ரிகார்டை உள்ளேயே விடவில்லை. தேம்ஸ் நதியில் படகில் கச்சேரி நடத்தியவர்களை போலீஸ் சுற்றி வளைத்தது. மேனேஜர் மால்கம் மக்லாரன் கைது. இவ்வளவுக்கும் நடுவில் ரிகார்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. அதிகாரபூர்வப் பட்டியலில் இரண்டாமிடம். முதலிடம் ராட் ஸ்டூவர்ட். ஆனால் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பட்டியலில் பிஸ்டல்ஸ்தான் முதலிடம்! ராணியம்மாவின் விழா வாரத்தில் சங்கடம் வேண்டாம் என்று எண்ணிக்கையில் கை வைத்தார்கள் என்பது கோஷ்டியின் ஆதரவாளர்கள் கட்சி. நிரூபணம் இல்லை. என் அபிப்பிராயம்? ஒரு கடைச் சங்கிலியின் சுவரில் ஒட்டின பட்டியலில் பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக விடப்பட்டதாகச் சொல்வார்கள். பேரைச் சொல்லவே பயப்படுகிற ஊரில், எண்ணைச் சொல்ல மட்டும் தைரியம் வந்துவிடுமா என்ன!

அடுக்கடுக்காக இன்னும் இருக்கின்றன. பாப் டைலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' 1965-ல் அமெரிக்காவில் இரண்டு. மறித்தது பீட்டில்ஸின் 'ஹெல்ப்!'. ஒயாசிஸின் 'வொண்டர்வால்' 1995-ல் இங்கிலாந்தில் இரண்டு. மறித்தவர்கள் ராப்சன், ஜெரோம் என்று இரண்டு டி.வி. நடிகர்கள். ஃபாரினர் கோஷ்டியின் 'வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ' 1981-82-ல் பத்து வாரம் இரண்டாமிடத்திலேயே பாய் போட்டுப் படுத்தது. ஒன்பது வாரம் ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிகல்' மறித்தது. பத்தாவது வாரம் அது நகர்ந்ததும், 'ஆஹா, நம்ம டர்ன்' என்று எழுந்தால், பின்னாலிருந்து ஹால் அண்ட் ஓட்ஸ் ஒரே தாவாகத் தாவி உட்கார்ந்துவிட்டார்கள். பல்லவன் பஸ்ஸில் ஸீட்டுக்கு நிற்பவர்களுக்கு இந்த வலி புரியும்!

ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் அப்படித்தான். 1984-ல் மேனேஜர் ஜான் லாண்டௌ, 'ஆல்பத்தில் ஒரு ஹிட் பாட்டு குறைகிறதே' என்று சொல்லப்போக, கோபத்தோடு ராத்திரியோடு ராத்திரியாக எழுதியது 'டான்ஸிங் இன் த டார்க்'. நாலு வாரம் இரண்டு. மறித்தவர்கள் டுரான் டுரான், அப்புறம் பிரின்ஸ். அவர் எழுதிய 'ப்ளைண்டட் பை த லைட்'டை மான்ஃப்ரெட் மான் கோஷ்டி பாடியபோது 1977-ல் அது நம்பர் ஒன்! எழுதினவர் வீட்டு வாசல் வரை வந்து பக்கத்து வீட்டுக்குள் நுழைகிற அதிர்ஷ்டம்.

நம் மெட்ராஸ்காரரையும் விட்டுவிடக் கூடாது. பீட்டில்ஸை மறித்த அதே 1967-ல் எங்கல்பர்ட்டின் அடுத்த பாட்டு இங்கிலாந்தில் இரண்டாமிடத்தோடு நின்றது. 2012-ல், 76 வயதில், யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு இங்கிலாந்து சார்பில் போனார். 26 பேரில் 25-வது. லக்னோவில் பிறந்த இன்னொரு நம்மூர்க் குழந்தை க்ளிஃப் ரிச்சர்ட், 1968-ல் அதே போட்டியில் ஒரே ஒரு பாயிண்டில் ஸ்பெயினிடம் கோட்டை விட்டவர். அவர் தேவலை!

* * *

ஆனால் இந்த விஷயத்தில் சக்கரவர்த்தி என்றால் ஒரே ஒரு கோஷ்டிதான். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல். கலிபோர்னியாக்காரர்கள். எழுதுவது, பாடுவது, கிடார் வாசிப்பது எல்லாம் ஜான் ஃபோகர்ட்டி. 1969, 70 இரண்டே வருஷத்தில் ஐந்து ரிகார்டுகள் அமெரிக்காவில் இரண்டாமிடம். ஒன்றுகூட முதலிடம் இல்லை!

'ப்ரௌட் மேரி'யை மறித்தது டாமி ரோவின் 'டிஸ்ஸி'. 'பேட் மூன் ரைஸிங்'கை மறித்தது 'ரோமியோ ஜூலியட்' படத்தின் வாத்திய இசை. 'டிராவலின் பேண்ட்' சைமன்-கார்ஃபங்கலின் 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' கீழே மாட்டியது. 'லுக்கின் அவுட் மை பேக் டோர்' பாட்டுக்கு டயானா ராஸ். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, மனிதர்களிடம் தோற்றார்கள். 'க்ரீன் ரிவர்' தோற்றது 'சுகர் சுகர்' பாட்டிடம். பாடியவர்கள் 'தி ஆர்ச்சீஸ்'. யார் அவர்கள்? காமிக்ஸ் புத்தகத்திலிருந்து டி.வி.க்கு வந்த கார்ட்டூன் பொம்மைகள்! பின்னணியில் நிஜப் பாடகர்கள் பாடினார்கள், வாஸ்தவம். ஆனால் மேடையேற ஆளே இல்லாத கோஷ்டி அந்த வருஷத்தின் நம்பர் ஒன்! (இங்கிலாந்தில் மட்டும் 'பேட் மூன் ரைஸிங்' மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது ஓர் ஆறுதல்.)

முதலிடம் போனதற்கெல்லாம் ஃபோகர்ட்டி கலங்கியிருக்க மாட்டார். போனது அதைவிடப் பெரிது. வாலிப வயதில் ஃபேன்டஸி ரிகார்ட்ஸ் என்ற கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில், பாட்டுகளின் உரிமை கம்பெனிக்கே போயிருந்தது. முதலாளி சால் ஸெயின்ட்ஸ். பின்னாளில் 'அமேடியஸ்' படம் எடுத்து ஆஸ்கார் வாங்கினாரே, அவரேதான். கோஷ்டி உடைந்த பிறகு, ஒப்பந்தத்திலிருந்து விடுபட ஃபோகர்ட்டி ராயல்டியையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 'நான் பாடினால் அவனுக்குத்தானே காசு' என்று தன் பழைய பாட்டுகளை மேடையில் பாடுவதையே நிறுத்திவிட்டார். பெற்ற பிள்ளையைத் தெருவில் பார்த்தும் கூப்பிடாமல் போகிற மாதிரி, வருஷக்கணக்காக!

1987 பிப்ரவரியில் வட ஹாலிவுட்டில் ஒரு கிளப். மேடையில் ஜார்ஜ் ஹாரிஸன், டைலன், நடுவில் ஃபோகர்ட்டி. 'ப்ரௌட் மேரி' பாடு என்கிறார் டைலன். இவர் மறுக்கிறார். நீ பாடாவிட்டால் அது டினா டர்னர் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்றாராம் டைலன். குத்து சரியான இடத்தில் விழுந்தது. ஃபோகர்ட்டி அன்று பாடினார். அந்த ஜூலையில் வியட்நாம் போர் வீரர்களுக்கான நிகழ்ச்சியில் பழைய பாட்டுகளை வரிசையாகப் பாடினார்.

நடுவில் ஒரு வழக்கு வேறு. அவர் புதிதாகப் போட்ட 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோட்' என்ற பாட்டு, தங்களிடம் உரிமை இருக்கும் பழைய பாட்டின் காப்பி என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அந்தப் பழைய பாட்டை எழுதியவரும் அவரேதான்! தன்னைப் பார்த்துத் தானே காப்பி அடித்தார் என்று வழக்கு! 1988-ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோ கோர்ட்டில் சாட்சிக்கூண்டில் கிடாரோடு உட்கார்ந்து, 'இது அந்தப் பாட்டு, இது இந்தப் பாட்டு, ரெண்டும் என் கைப்பாணி' என்று வாசித்துக் காட்டினார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வக்கீல் ஃபீஸ் யார் கொடுப்பது என்கிற தகராறு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1994-ல் அங்கேயும் அவருக்கு ஜெயம்.

பாட்டுகள் மட்டும் திரும்ப வரவில்லை. 2004-ல் கம்பெனி கைமாறி, புதிய முதலாளிகள் ராயல்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஸெயின்ட்ஸ் 2014-ல் காலமானார். 2023 ஜனவரியில், தன் 77-வது வயதில், கிரீடன்ஸ் பாட்டுகளின் பதிப்புரிமையில் பெரும்பங்கை ஃபோகர்ட்டி விலை கொடுத்து வாங்கினார். தான் எழுதிய 'ப்ரௌட் மேரி'யை, எழுதி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு, காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். 2025-ல், 80 வயதில், அந்தப் பழைய பாட்டுகளில் இருபதைத் தன் குரலிலேயே புதிதாகப் பாடி ஓர் ஆல்பம் போட்டார். ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பின்னாலும் மறக்காமல் ஒரு சின்ன ஒட்டு வைத்திருக்கிறார்: ஜான் வெர்ஷன்.